நிறம் மாறும் நட்சத்திரம்: ஓமகாரி செவ்வந்திக் குண்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

வாணவேடிக்கைப் பைத்தியம் பிடித்தவர்கள் எங்கு கூடினாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சிவப்பாக விரிந்து, பச்சையாக மாறி, கடைசியில் வெள்ளையாக மின்னி அணைகிறதே, அந்த மணி மருந்துக்கு என்ன ஃபார்முலா?" மணி மருந்து என்பது வாணக் குண்டுக்குள் அடுக்கியிருக்கும் மருந்து உருண்டை; வானத்தில் எரியும்போது அதுதான் நட்சத்திரம். கேட்பவர் பெரும்பாலும் வேதியியல் படித்த இளைஞராக இருப்பார். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து சிவப்புக்கு ஒன்று, வேறெங்கிருந்தோ நீலத்துக்கு ஒன்று என்று ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருப்பார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் நிறம் மாறிவிடும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வரவழைப்பது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். சிக்கல் முழுக்க இரண்டு நிறங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அந்த எல்லை நேர்த்தியாக அமைந்தால் வானத்தில் ஒரு மலர் நொடியில் உடை மாற்றுகிறது. தவறினால் கலங்கலாகத் தெரிகிறது, அல்லது எரியாமலே விழுகிறது, அல்லது செய்தவர் கையிலேயே வெடிக்கிறது. கலவை விகிதம் எதையும் இங்கே தேட வேண்டாம், தரப்போவதில்லை. விகிதம் ஏன் அவ்வளவு பயன்படாத தகவல் என்பது போகப் போகத் தெரியும்.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஜப்பானின் வடக்கே, அகிதா மாகாணத்தில் ஓமகாரி என்று ஓர் ஊர். இப்போது தைசென் நகராட்சிக்குள் அடக்கம். அங்கே ஓமோனோ ஆற்றங்கரையில் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை அகில ஜப்பான் வாணவேடிக்கைப் போட்டி நடக்கிறது. தொடங்கிய ஆண்டு 1910. மேல்நிலைப் பரிசு நாட்டின் பிரதமர் பெயரில். குண்டைச் செய்தவரே வந்து ஏற்றுவது அங்கே மரபு.

போட்டியின் முக்கியப் பிரிவு 10-ஆம் எண் குண்டு. விட்டம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், எடை எட்டரைக் கிலோவை ஒட்டி வரும். 300 மீட்டருக்கு மேல் ஏறி வெடிக்கும். விரியும் மலரின் குறுக்களவும் கிட்டத்தட்ட அதே அளவு. உள்ளே இரண்டு மூன்று வட்ட மையங்கள், வெளியே நிறம் மாறும் இதழ்கள். இந்த அமைப்பில் இதழ்கள் தீவால் இழுத்து விரிந்தால் ஜப்பானியர்கள் அதைச் செவ்வந்தி என்கிறார்கள். இரட்டை மையம் வைத்த செவ்வந்திக்கு முன்னோடியாக அவர்கள் போற்றுவது நாகானோ பகுதியின் ஆவோகி கிசாகுவை. இன்றைக்கு மூன்று, நான்கு, ஐந்து மையம் என்று போட்டி ஏறிக்கொண்டே போனாலும் இலக்கணம் அதேதான்.

நடுவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். முதலாவது, குண்டு ஏறி முடித்து, இறங்கத் தொடங்குமுன் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்தில் வெடித்ததா. இரண்டாவது, மலர் முழு வட்டமாக, பொக்கை விழாமல் விரிந்ததா. மூன்றாவது, நிறங்கள் தெளிவா, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா. நான்காவது, அணையும் விதம். நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களும் யாரோ ஸ்விட்சைத் தட்டியது மாதிரி ஒரே நேரத்தில் அணைய வேண்டும். நாலைந்து மட்டும் அரை வினாடி கூடுதலாக மினுக்கிக்கொண்டு கீழே வந்தால் மதிப்பெண் போச்சு. நிறமாற்றத்துக்கும் அதே அளவுகோல்தான்: எல்லாம் ஒன்றாக மாற வேண்டும்.

ஆக, நம் இளைஞர் தேடுவது ஒரு நட்சத்திரத்துக்கான நிறம். ஓமகாரி கேட்பதோ நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களுக்கு ஒரே கடிகாரம்.

உருண்டைக்குள் இருக்கும் கணக்கு

மணி மருந்து வளரும் விதம் சீரக மிட்டாய் வளரும் விதமேதான். நடுவில் ஒரு சின்ன விதை. ஜப்பானில் பழைய நாட்களில் நிஜமாகவே கடுகுக் குடும்பத்து விதையை வைப்பார்கள். சாய்ந்து சுழலும் பாத்திரத்தில் அது உருண்டபடி இருக்க, ஈரமும் பொடியும் மாறி மாறி ஏறி, உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். ஒட்டுவதற்கு அரிசி மாவு. ஒரு நாளைக்கு ஏறுவது மிக மெல்லிய ஒரு சுற்றுதான். அப்புறம் காய வேண்டும். காய்ந்த பிறகு அடுத்த சுற்று. பெரிய குண்டுக்கான நட்சத்திரம் முழு அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுக் கடும் வெயிலில் போட்டால் மேல்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். அது பிறகு எளிதில் வெளியேறாது.

இதெல்லாம் பொறுமை பற்றிய விஷயம் என்று தோன்றும். உண்மையில் கணிதம் பற்றியது.

நட்சத்திரத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 10. தீ வெளியிலிருந்து உள்நோக்கி வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் தின்றுகொண்டு போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து வினாடி எரியும். முதல் வினாடிக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் வெளிச்சுற்றின் தடிமன் 2 மில்லிமீட்டர். இப்போது கன அளவைப் பாருங்கள். 10-ன் கனம் 1000. மீதமுள்ள 8 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கனம் 512. அதாவது அந்த ஒரே வினாடிக்கு மொத்த மருந்தில் ஏறக்குறைய பாதி, 49 சதவீதம், செலவாகிவிடுகிறது. கடைசி வினாடிக்கு மிஞ்சுவது 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள பொடி உருண்டை. அதன் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8 சதவீதம்.

வெளிச்சத்தின் கதையும் இதுதான். எரிவது மேற்பரப்பு. ஆரம் பாதியானால் பரப்பு கால்வாசி. எனவே நடு வழியில், 5 மில்லிமீட்டரில் தொடங்கும் நிறத்துக்கு, முதல் நிறத்துக்குக் கிடைத்த பரப்பில் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். இரண்டுக்கும் சம பிரகாசம் உள்ள மருந்தை வைத்தால், உள்நிறம் மங்கலாகி, வேடிக்கை பார்ப்பவர் அது மாறியதையே கவனிக்காமல் போகலாம். மங்கலான நீலத்தை வெளியிலும் பளீரென்ற சிவப்பையோ வெள்ளி மின்னலையோ உள்ளேயும் வைக்கும் வரிசை ஜப்பானியக் குண்டுகளில் அடிக்கடி தென்படுவதற்கு இது ஒரு காரணம். அழகியல் என்று நாம் நினைப்பதில் பாதி வடிவியல். பட்டியலில் உள்ள விகிதம் இந்த விஷயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு மருந்து எந்த ஆழத்தில் உட்காரப்போகிறது என்று அதற்குத் தெரியாது.

இனி ஒரே நேரத்தில் மாறுவது. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சுற்று மற்றதைவிட அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டது. நம் கணக்குப்படி அது கால் வினாடி தாமதமாக நிறம் மாறும். கால் வினாடி கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மலரில் பாதி பச்சைக்குப் போயிருக்கும்போது மீதி இன்னும் சிவப்பில் இருக்கும். ஒரே உருண்டையில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் இன்னும் மோசம். அந்த ஒற்றை நட்சத்திரமே கொஞ்ச நேரம் இரண்டு நிறங்களையும் சேர்த்து உமிழும். சிவப்பும் பச்சையும் கலந்தால் கண்ணுக்குக் கிடைப்பது வெளிறிய மஞ்சள்.

இந்தக் கலங்கலை மறைக்கத்தான் எல்லையில் மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார். இரண்டு நிறங்களுக்கும் நடுவே, எரியும் ஆனால் அதிக வெளிச்சம் தராத மெல்லிய இருட்டுச் சுற்று. முதல் நிறம் முடிகிறது, மலர் ஒரு கணம் மறைகிறது, அடுத்த நிறத்தில் மறுபடி தோன்றுகிறது. தடிமனில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளை அந்த இருட்டு விழுங்கிவிடும். பார்ப்பவர் மனதில் பதிவது மாற்றம் மட்டும்தான்.

ஒரு காலத்தில் குறையை மறைக்க வந்த இந்த இருட்டை, ஜப்பானியக் கைவினைஞர்கள் பிறகு தனி வித்தையாகவே வளர்த்துவிட்டார்கள். மலரின் ஒவ்வொரு பகுதிக்கும் இருட்டுச் சுற்றின் தடிமனைக் கணக்காக மாற்றினால், நிறம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடுவது போலத் தெரியும். அண்மை ஆண்டுகளில் போட்டிகளைக் கலக்கும் பேய்க் குண்டுகள் என்ற ரகம் இதுதான். நட்சத்திரங்கள் நேராகத்தான் பறக்கின்றன. வெளிச்சம் மட்டும் வட்டமடிக்கிறது. சொல்லப்போனால் அங்கே கதாநாயகன் நிறமே இல்லாத சுற்று. அதற்கு ஃபார்முலா கேட்டு யாரும் வந்ததில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், பள்ளி வேதியியல்தான். ஸ்ட்ரோன்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம், சோடியம் மஞ்சள். சிவகாசியில் பேரியம் நைட்ரேட்டைப் பச்சை உப்பு என்றே சொல்வார்கள். முதல் மூன்றிலும் நல்ல ஆழமான நிறம் வருவது உலோக அணுவிலிருந்து அல்ல, தீச்சுடருக்குள் அது குளோரினோடு சேர்ந்து கணநேரம் வாழும் மூலக்கூறிலிருந்து. தாமிர மூலக்கூறு சூடு தாங்காது. சுடர் கூடுதலாகச் சூடானால் உடைந்துவிடும், நீலம் வெளுத்துப் போகும். அதனால்தான் நல்ல நீலம் இந்தத் தொழிலில் இன்றும் கெத்து. சோடியம் அதற்கு நேர்மாறு. 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி அவ்வளவு பலமானது, மருந்திலோ தண்ணீரிலோ துளி உப்பு இருந்தாலும் மற்ற நிறங்களை அமுக்கிவிடும்.

பக்கத்து வீட்டுப் பகை

விஷயத்தின் மையம் இதுதான். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை உலகத்தில் எங்கே வாணவேடிக்கை நடந்தாலும் அடிப்படை வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), கந்தகம், கரி என்ற மூன்றுதான். எடோ காலத்து (1603–1868) ஜப்பானில், இன்றைய டோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரைக் கூட்டம் வாய்பிளந்து பார்த்ததும் தங்க ஆரஞ்சு நிறத் தீதான். நிறம் வந்தது பொட்டாசியம் குளோரேட்டோடு. 1780-களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தோலே அதை உருவாக்கினார். வெடியுப்புக்குப் பதிலாக அதைப் போட்டுத் துப்பாக்கி மருந்து செய்தால் வேகம் கூடுமே என்று பாரிஸ் அருகே எஸ்ஸோன் ஆலையில் 1788 அக்டோபர் 27 அன்று சோதித்தார்கள். புகழ்பெற்ற வேதியியலாளர் லவோசியரும் அவர் மனைவியும் பெர்த்தோலேயும் வந்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆலையின் பொறுப்பாளரும் இளம்பெண் ஒருவரும் மற்றவர்களை முந்திக்கொண்டு அரவைக்கு அருகே போனார்கள். மருந்து வெடித்தது. இருவரும் உயிரிழந்தார்கள். மற்றவர்கள் சில நிமிட இடைவெளியில் தப்பினார்கள்.

குளோரேட்டும் கந்தகமும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்ற பாடத்தின் முதல் அத்தியாயம் இது. ஆனால் தொழில் அதை உடனே படித்துவிடவில்லை. 1830-களில் ஐரோப்பாவில் குளோரேட்டை வைத்து அடர்ந்த சிவப்பும் பச்சையும் செய்யத் தொடங்கினார்கள். கூட்டம் கைதட்டியது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் எரிவது எளிது, விலை மலிவு. கந்தகத்தில் எப்போதும் கொஞ்சம் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது குளோரேட்டைத் தொட்டால் போதும், உராய்வுக்கும் தட்டலுக்கும் வெடிக்கிற, சில நேரம் தானாகவே பற்றிக்கொள்கிற கலவையாகிவிடும். விபத்துகள் குவிந்த பிறகு, 1894-ல் பிரிட்டன் குளோரேட்-கந்தகக் கலவையைச் சட்டப்படி தடை செய்தது.

ஜப்பானுக்குக் குளோரேட் போனது மெய்ஜி காலத்தில் (1868–1912), மேலைநாட்டு ரசாயனங்கள் கப்பலில் வந்து இறங்கியபோது. ஸ்ட்ரோன்சியம், பேரியம், அலுமினியப் பவுடர் எல்லாம் அந்த அலையில் வந்தவை. பரம்பரை பரம்பரையாகக் கரித்தீயை மட்டுமே அறிந்த கைகளுக்குத் திடீரென்று முழு வண்ணப்பெட்டி கிடைத்தது. கூடவே ஆபத்தும் கிடைத்தது. பிறகு அங்கும் குளோரேட்டின் இடத்தைப் பெருமளவு பெர்குளோரேட் பிடித்துக்கொண்டது. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் சுபாவம் வேறு, பெர்குளோரேட் நிதானமானது.

இந்தியாவில் குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்த வெடிபொருளைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் 1992 ஜனவரி 27 அறிவிக்கையின்படி தடை. சட்டம் இருக்கிறது என்பதால் பழக்கம் போய்விடவில்லை. 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் போட்டி வாணவேடிக்கையின்போது மருந்துக் கிடங்கு வெடித்து 100 பேருக்கும் மேல் இறந்தார்கள். தீப்பொறி கிடங்குக்குப் போனது உடனடிக் காரணம். ஆனால் விசாரணைக்கு வந்த வெடிபொருள் அதிகாரிகளின் கேள்விகளில் தடை செய்யப்பட்ட குளோரேட்டும் இருந்தது.

சரி, இதற்கும் நிறம் மாறுவதற்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு. ஒற்றை நிற நட்சத்திரத்தில் ஒரு மருந்து, அதன்மேல் பற்றவைக்க ஒரு பூச்சு, அவ்வளவுதான். நிறம் மாறும் நட்சத்திரத்தில் இரண்டு மூன்று மருந்துகள், நடுவே இருட்டுச் சுற்று, மேலே பற்றுமருந்து. ஒவ்வொன்றும் அடுத்ததை ஒட்டிக்கொண்டு, அதுவும் ஈரத்தோடு, நாட்கணக்கில் கிடக்கிறது. ஈரம் உப்புகளைக் கரைக்கும். கரைந்த உப்பு எல்லை தாண்டும். தாளில் தனித்தனி வரியாக இருந்த மருந்துகள் உருண்டைக்குள் அண்டை வீட்டுக்காரர்கள்.

நம் இளைஞரின் பட்டியலையே எடுத்துப் பார்ப்போம். சிவப்புக்கு அவர் வைத்திருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு, அடிப்படை குளோரேட். நீலத்துக்கு வைத்திருப்பது பின்னால் வந்தது. அடிப்படை அமோனியம் பெர்குளோரேட். பற்றுமருந்துக்கு எல்லோரும் சொல்கிற கறுப்பு மருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். மூன்றும் தனித்தனியே வேலை செய்யும். பழகிய கைகள் நிறையச் செய்து பார்த்தவை. இப்போது அடுக்கிப் பாருங்கள். சிவப்புக்கு மேலே பற்றுமருந்து வந்தால் குளோரேட்டும் கந்தகமும் ஒட்டிக்கொண்டன. 1894-ல் தடை செய்ததை அவர் தெரியாமல் தன் மேசையில் திரும்பச் செய்துவிட்டார். சிவப்பும் நீலமும் ஒட்டினால் குளோரேட்டும் அமோனியமும் சந்திக்கின்றன. அதிலிருந்து பிறக்கும் அமோனியம் குளோரேட் நிலையற்றது, சும்மா கிடக்கும்போதே வெடிக்கக்கூடியது. சிவப்பை விட்டுவிட்டு நீலத்தின் மேலேயே பற்றுமருந்தைப் பூசினாலும் தப்பிக்கவில்லை: வெடியுப்பும் அமோனியம் பெர்குளோரேட்டும் ஈரத்தில் இடம் மாற்றிக்கொண்டு அமோனியம் நைட்ரேட் உருவாகிறது. அது காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும் உப்பு. நட்சத்திரம் என்றைக்கும் சரியாகக் காயாது, வானத்துக்குப் போனாலும் பற்றாது.

மூன்று நல்ல குறிப்புகள், மூன்று எல்லைகள், மூன்றும் கெட்டவை. எந்தப் பட்டியலிலும் பிழை இல்லை. பட்டியல்கள் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை, ஒன்றையொன்று அறியாதவை.

பழைய குறிப்புகளில் வேறு பூதங்களும் உண்டு. நீலத்துக்குப் பாரிஸ் கிரீன் என்ற ஆர்செனிக் நஞ்சு. நிறத்தை ஆழப்படுத்தக் கலோமெல் என்ற பாதரச உப்பு. இவை எரிந்த புகையைத்தான் அன்றைய கூட்டம் சுவாசித்தது.

குறிப்பு ஊர் விட்டு ஊர் போகாது

சரி, பகை எதுவும் இல்லாத, ஒரே காலத்துக் குறிப்புகளை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் ஐந்து வினாடிக் கணக்கு கைகொடுக்காது. வினாடிக்கு 2 மில்லிமீட்டர் என்று நான் எடுத்துக்கொண்ட எண், உண்மையில் எந்த மருந்துக்கும் நிலையானதில்லை. கரி என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பார்கள். ஜப்பானியப் பட்டறையில் பைன் மரக்கரி வேறு, பவுலோனியா மரக்கரி வேறு, சணல் குச்சிக் கரி வேறு. ஒன்று நீண்ட பொன்வாலுக்கு, ஒன்று வேகத்துக்கு. பொடியின் நுண்மை மாறினால் வேகம் மாறும். அந்தப் பட்டறையின் கரியை வைத்து அந்தப் பட்டறையில் அளந்த வேகம் அது. இன்னோர் ஊரில், இன்னொரு மரத்தின் கரியோடு, அதே விகிதம் வேறு கடிகாரம்.

இன்னொன்று, மேசைமேல் எரியும் நட்சத்திரமும் வானத்தில் பறக்கும் நட்சத்திரமும் ஒன்றல்ல. குண்டு வெடித்த நொடியில் நட்சத்திரம் பெரும் வேகத்தில் கிளம்புகிறது. எதிர்க்காற்று சுடரைப் பின்னால் தள்ளி ஒடுக்குகிறது, நிறம் மாறிப்போகிறது, சில மருந்துகள் அணைந்தே விடுகின்றன. அதனால் தொழில்முறைப் பட்டறைகள் உரிமம் பெற்ற இடத்தில் ஒற்றை நட்சத்திரங்களை ஏவிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகின்றன. அங்கே குறிப்பேட்டில் விகிதத்துக்குப் பக்கத்தில் இருப்பவை அந்தப் பருவத்துக் கரி, அந்த வாரத்து ஈரப்பதம், ஏவிய அன்று அளந்த வினாடி. வெளியே கசிவதென்னவோ விகிதம் மட்டும்தான்.

பொழுதுபோக்காகச் செய்யலாமா

அமெரிக்காவில் இது ஒரு பொழுதுபோக்காகவே இருக்கிறது. 1969-ல் தொடங்கிய பைரோடெக்னிக்ஸ் கில்டு இன்டர்நேஷனல் என்ற அமைப்பும், மாநில அளவில் பல சங்கங்களும் உண்டு. புதியவர் தனியாகப் பரிசோதிப்பதை அவர்களில் விவரமானவர்கள் விரும்புவதில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதுதான் வழி. அங்கும் மத்திய அரசின் வெடிபொருள் விதிகளும் மாநிலச் சட்டங்களும் பின்தொடர்கின்றன. ஜப்பானில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற பட்டறைகளின் வேலை இது. ஓமகாரிக்கு வருபவர்கள் எல்லோரும் தொழில்முறைக் கைவினைஞர்கள்.

நம் நாட்டில் கேள்விக்கு இடமே இல்லை. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி உரிமமின்றி வெடிபொருள் தயாரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. வீட்டு மாடி, தோட்டத்து ஷெட் என்று வேறுபாடு கிடையாது. உரிமம் வாங்கிய ஆலைக்கே இப்போது வண்ணப்பெட்டி சுருங்கிவிட்டது. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்ற ஆணை பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது; 2021-ல் அதையே மீண்டும் வலியுறுத்தியது. சிவப்பிலிருந்து பச்சை என்ற, உலகம் முழுக்கப் பழகிய ஜோடியில் பச்சைக்கு அடிப்படையே பேரியம்தான். ஓமகாரியின் செவ்வந்தியை அப்படியே சிவகாசியில் செய்ய, எத்தனை திறமையான போர்மேன் இருந்தாலும், இன்று சட்டப்படி வழியில்லை. இந்தத் தடை சரியா தவறா என்று ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. மணி மருந்தைக் கலப்பவர்களும் காய வைப்பவர்களும் அன்றாடம் மூச்சில் வாங்குவதை நினைத்தால், என் ஓட்டு தடைப் பக்கம்தான்.

அதற்காக ஆர்வத்தை மூட்டை கட்டிவைக்க வேண்டியதில்லை. ஓமகாரிப் போட்டியின் காணொளிகள் வினாடிக்கு 60 பிரேம் தரத்திலேயே இணையத்தில் கிடைக்கின்றன. 10-ஆம் எண் குண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். மலரில் முதல் நட்சத்திரம் நிறம் மாறும் பிரேமையும் கடைசி நட்சத்திரம் மாறும் பிரேமையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி 15 பிரேம் என்றால் கால் வினாடி. மேலே போட்ட கணக்கின்படி சுற்றின் தடிமனில் அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம். 3 பிரேம் என்றால் 0.05 வினாடி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நடுவே இருட்டு வருகிறதா, எத்தனை பிரேம் நீடிக்கிறது என்பதையும் எண்ணலாம். பரிசு வாங்கிய குண்டையும் வாங்காத குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பார்த்தால், நடுவர்கள் எதற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.